மசாஜ் நாற்காலி வாங்க வந்தவர்

அவர் காலை நீட்டும்போதே நான் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொள்வேன். அவர் குனிய மாட்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு இரண்டு கால்களையும் முன்னால் நீட்டுவார். கூட வந்த மனைவி கையிலிருந்த பைகளைத் தரையில் வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, அவருடைய காலணிகளைக் கழற்றுவார். கழற்றும்போது அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொள்வது தாடையில் தெரியும். காலுறைகள் எப்போதும் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தோடு பாதங்களை நாற்காலியின் கால் குழிகளுக்குள் திணித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்துச் சொல்வார்:

“இவளுக்காகத்தாம்மா பாக்குறோம். இவளுக்குத்தான் முதுகுவலி.”

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைத்தொகுதியில், மசாஜ் நாற்காலி விற்கும் கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர்களை உட்கார வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, எழுந்ததும் “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுச் சிரிக்க வேண்டும். சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். பெரும்பாலானவர்கள் ஒருமுறை வந்து வாங்குவார்கள், அல்லது விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் இரண்டு ஆண்டுகள் வந்தார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல்.

பெயர் தெரியாது. பெயர் எழுதும் படிவம்வரை அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார், அன்றும் மனைவி பெயரைத்தான் எழுதச் சொன்னார். அறுபதைத் தாண்டிய ஆள். உயரம், அகலம், வயிறு. தலைக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார். வெளியே வெயிலில் நடந்து வந்த வியர்வையில் அந்தச் சாயம் கசிந்து, வெளிர்மஞ்சள் தலையணையில் வட்டமாக ஒட்டிக்கொள்ளும். அவர் போன பிறகு கையுறை போட்டுக்கொண்டு அதைத் துடைப்பது என் வேலை. கிருமிநாசினித் துணி மூன்று எடுத்தாலும் போகாது. சாயம், தைலம், எச்சில் மூன்றும் சேர்ந்த ஒரு வாடை. தூங்கும்போது அவருக்கு வாயோரம் வழியும்.

தூங்கும்முன் சத்தம் வேறு. உருளைகள் முதுகில் ஏறி இறங்க இறங்க “ஆ… அம்மா… அங்கதான்… ஆ…” என்று கண்ணை மூடிக்கொண்டு முனகுவார். வெளியே நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆண்ட்டி, அவருடைய மனைவியை நான் அப்படித்தான் கூப்பிட்டேன், சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படிப்பதுபோல் திரும்பி நின்றுகொள்வார். ஆண்ட்டிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

“நீங்க உக்காருங்க ஆண்ட்டி, பக்கத்துச் சேர் காலியாத்தான் இருக்கு” என்று முதல் மாதத்திலேயே சொன்னேன்.

கண்ணைத் திறக்காமல் அவர்தான் பதில் சொன்னார். “வேணாம்மா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் ட்ரை பண்ணிட்டு எது நல்லதுன்னு சொன்னா அவ கேட்டுக்குவா. இன்னொரு டுவெண்டி மினிட்ஸ் போடு லா.”

நான் போட்டேன்.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. எதைத் தனக்கு எடுத்துக்கொண்டாலும் அதை மனைவியின் பெயரில் எடுத்துக்கொள்வார். பொய் சொல்கிறோம் என்ற கூச்சமே முகத்தில் இருக்காது. அதை அவர் முழுமனதாக நம்பினார் என்றுகூட எனக்குத் தோன்றும். அருவருப்பு அதில்தான் அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. தோழியோடு ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்து மேசையில் அவர்கள் இருவரும். நடுவில் பெரிய சட்டியில் மீன்தலைக் கறி. என்னைக் கண்டதும் அவர் வாய் நிறையச் சோற்றோடு கையை ஆட்டினார்.

“வாம்மா! இவளுக்கு மீன்தலைன்னா உயிரு. அதான் கூட்டிட்டு வந்தேன்.”

சொல்லிக்கொண்டே மீனின் கண்ணைத் தோண்டி எடுத்து உறிஞ்சினார். கன்னச் சதையை விரலால் வழித்தார். எலும்பை ஒவ்வொன்றாகச் சப்பி வாழையிலையின் ஓரத்தில் துப்பினார். அது ஆண்ட்டியின் இலையின் ஓரம். ஆண்ட்டியின் இலையில் சோறும் ரசமும் ஒரு முட்டைக்கோஸ் பொரியலும் இருந்தன.

“நீங்க மீன் எடுக்கலையா ஆண்ட்டி?”

“புரட்டாசி மாசம்மா” என்றார் ஆண்ட்டி, மெல்ல. “நான் கவிச்சி தொடுறதில்ல.”

கணவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி வருத்தப்பட்டார். “பாத்தியா? ஆசையா ஆர்டர் பண்ணா சாப்பிட மாட்டேங்குறா. வேஸ்ட் பண்ண முடியுமா? நானே சாப்பிட வேண்டியிருக்கு.”

என் தோழி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நான் மீன் சொல்லவில்லை. அப்புறமும் வெகுநாள் அந்தக் கறியைப் பார்த்தாலே அந்த உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

தைப்பூசம் முடிந்த வாரம் வந்தபோது இன்னொன்று சொன்னார். அப்போதும் நாற்காலியில்தான், உருளை தோளைப் பிசைந்துகொண்டிருந்தது.

“இவ முதுகு சரியாகணும்னு நான் முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்மா. பால்குடம்.”

“நீங்க எடுத்தீங்களா அங்கிள்?”

“வேண்டிக்கிட்டது நான். தூக்குனது இவ. சிராங்கூன் ரோட்லேருந்து டேங்க் ரோடு கோயில் வரைக்கும் நடந்தா. நான் எம்ஆர்டி ட்ரெயின் எடுத்து டோபி காட் ஸ்டேஷன் போயி, அங்க கரெக்ட்டா நின்னேன். நம்ம முட்டி கூட்டத்துல தாங்காது லா.”

பின்னால் நின்ற ஆண்ட்டியைப் பார்த்தேன். காலணிகளைக் கையில் வைத்திருந்தார். கடைத் தரையில் வைத்தால் யாராவது தட்டிவிடுவார்கள் என்று அவற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார் அவர்.

“முதுகு எப்படி இருக்கு ஆண்ட்டி?”

“பரவால்லம்மா” என்றார்.

ஆண்ட்டி தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தார். நான்கு மாடிகளின் கழிவறைகள் அவருடையவை. குனிந்து தேய்த்து, நிமிர்ந்து துடைத்து, மறுபடி குனிகிற வேலை. கணவர் முட்டிவலி என்று சொல்லி வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வலிக்கும் ஆண்ட்டிதான் தைலம் தேய்க்க வேண்டும்.

ஆண்ட்டி ஒரே ஒருமுறைதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று கணவருக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே கடைக்கு வெளியே போனார். நான் ஆண்ட்டியின் கையைப் பிடித்து, ஏறக்குறைய இழுத்து, அதே நாற்காலியில் உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். உதடுகளில் புன்னகை. ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அரை நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன். நாற்காலி அவருடைய கணவரின் உயரத்துக்கு அளவு எடுத்து வைத்திருந்தது. தோளில் விழ வேண்டிய உருளைகள் குள்ளமான ஆண்ட்டியின் பின்மண்டையில் தட்டிக்கொண்டிருந்தன.

“ஐயோ ஆண்ட்டி! வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா?”

“இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்மா.”

அளவை மாற்றினேன். உருளை இடுப்புக்கு இறங்கி, வலி இருக்கும் இடத்தில் நின்று அழுத்தியது. ஆண்ட்டி “ம்” என்று ஒரு சத்தம் எழுப்பினார். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. இரண்டு நிமிடம் இருக்கும். அவர் திரும்பி வந்துவிட்டார்.

“போதும் போதும். எந்திரி. பழகிட்டா அப்புறம் அது இல்லாம இருக்க முடியாது.”

ஆண்ட்டி எழுந்தார். கணவர் அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து காலை நீட்டினார்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதில் அருவருக்கத்தக்க ஆள் அவர் ஒருவர் மட்டுமில்லை.

ஒரு புதன்கிழமை பிற்பகல், ஆண்ட்டி வேலைச் சீருடையோடு தனியாகக் கடைக்கு வந்தார். கையில் சோப்புத் தண்ணீர் வாசனை. கடையில் யாருமில்லை. மேலாளர் சாப்பிடப் போயிருந்தார்.

“உக்காருங்க ஆண்ட்டி, போட்டு விடறேன்.”

“வேணாம்மா. ஒண்ணு கேக்கணும்.” சுற்றுமுற்றும் பார்த்தார். “இந்த மாசக் கடைசில அவரு இத வாங்கிடணும்னு இருக்காரு. நீ எப்படியாச்சும் வாங்க விடாம பண்ணும்மா.”

எனக்குப் புரியவில்லை. “உங்களுக்குத்தானே ஆண்ட்டி…”

“எனக்கா?” என்று கேட்டுவிட்டு, ஒரு கணம் என்னைப் பார்த்தார். “நான் சேத்து வெச்சிருக்கிற காசும்மா அது. டிசம்பரோட வேலைய விட்டுடறேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். ஒரு வருஷமாச்சும் வீட்ல இருக்கலாம்னு. இது வந்துச்சுன்னா நான் விட முடியாது.”

சீருடை ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “அது மட்டும் இல்லம்மா. இது வீட்டுக்கு வந்தா நாள் முழுக்க இதுலதான் கெடப்பாரு. தண்ணி கொண்டா, கண்ணாடிய எடு, ஃபேனத் திருப்பு. இப்பவே ராத்திரி பகல்னு இல்லாம கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரு. ஞாயித்துக்கெழம இங்க வந்து தூங்குறாரு பாரு, அந்த இருவது நிமிஷந்தான் அவரு என்னைய கூப்பிடாத நேரம்.”

“சரி ஆண்ட்டி, பாத்துக்கறேன்” என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

நான் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் நான் விற்க வேண்டிய கணக்கில் ஒன்று குறைந்தது. இரண்டு மாதமாகவே குறைந்துகொண்டிருந்ததால் மேலாளர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆண்ட்டியின் கணவர் வந்து, “இன்னிக்கி முடிச்சிடலாம்மா” என்றபோது, “இது ஆண்ட்டி உயரத்துக்குச் சரி வராது அங்கிள், இன்னும் கொஞ்சம் யோசிங்களேன்” என்று ஒரு வாக்கியம் சொன்னேன். ஒன்றே ஒன்று.

“அவ உயரத்துக்கு எதுக்கு?” என்றார் அவர், உண்மையாகவே குழம்பி.

மேலாளர் எழுந்து வந்துவிட்டார். வழக்கமான அதே சிரிப்பு என் முகத்தில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கால் பிசையும் சின்ன இயந்திரம் ஒன்று இலவசம் என்று நானே சொன்னேன். படிவத்தை நானே எடுத்து வந்தேன். ஆண்ட்டியின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய பெயரைக் கேட்டு எழுதினேன். விலாசம் எழுதினேன். எந்த நாள் வீட்டுக்குக் கொண்டு வரலாம் என்று கேட்டேன். என் கையெழுத்து அன்று மிக அழகாக இருந்தது.

அவர் தன் சட்டைப் பையிலிருந்து ஆண்ட்டியின் வங்கி அட்டையை எடுத்தார். அட்டை அவருடைய பையில்தான் இருக்கும் போலிருக்கிறது. இயந்திரத்தில் செருகி, எங்களிடம் மறைக்கக்கூட முயலாமல், ரகசிய எண்ணைத் தட்டினார். தவறு என்று வந்தது. மறுபடி தட்டினார், ஒவ்வொரு எண்ணாக, வாயால் சொல்லிக்கொண்டே. மறுபடியும் தவறு.

“உன் மெஷினு சரியில்லம்மா.”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு” என்றார் ஆண்ட்டி. “பேங்க்குக்குப் போயி நம்பர மாத்திட்டேன்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. “என்ன மாத்திட்ட? எப்ப? சரி, என்ன நம்பரு, சொல்லு.”

ஆண்ட்டி பைகளைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கைகளிலும் பிடித்தபடியே நின்றார். “இத யாருக்காக வாங்குறீங்க?”

“உனக்காகத்தான்! வேற யாருக்கு?”

“எனக்காகன்னா வேணாம்.”

கடைக்குள் ஏதோ ஒரு நாற்காலி தனியாக உறுமிக்கொண்டிருந்தது. மேலாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஆண்ட்டியின் கணவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும். “சரி, எனக்கு வேணும்” என்று சொல்லியிருக்கலாம். ஆண்ட்டிகூட அதற்காகக் காத்திருந்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கேட்டிருந்தால் ஒருவேளை அந்த எண்ணைச் சொல்லிக்கூட இருப்பார். கணவர் இயந்திரத்தின் பொத்தானை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார். சாயம் கலந்த வியர்வை ஒரு கோடாகக் காதோரம் இறங்கியது.

“இவளுக்கு இன்னிக்கி உடம்பு சரியில்ல” என்றார் என்னிடம். “நெக்ஸ்ட் வீக் வரோம் லா.”

ஆண்ட்டி அட்டையை இயந்திரத்திலிருந்து உருவினார். தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “வரேன்மா” என்றார். நான் எழுதிய படிவத்தை நானே கிழிக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு கணவர் தனியாக வந்தார். கசங்கிய சட்டை. கால்களைத் தானே உதறிக் காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, என்னைக் கேட்காமலே படுத்துப் பொத்தானை அழுத்தினார்.

“ஆண்ட்டி வரலையா?”

“ஈசூன்ல அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. திங்கக்கெழமலேருந்து. ரெஸ்ட் எடுக்கட்டும்னு நாந்தான் அனுப்பி வெச்சேன்.” முனகலுக்கு நடுவில் சொன்னார்: “நீ ஒரு ஃபோன் போடும்மா. பொம்பளப் புள்ள சொன்னா கேப்பா. வீட்டுல குழம்பு இல்ல, ஒண்ணும் இல்ல. தனியா அங்க இருந்தா அவளுக்குத்தான் கஷ்டம்.”

சுவரோரம் போய் மின்விசையை அணைத்தேன். நாற்காலி அப்படியே நின்றுவிட்டது, தலை தாழ்ந்து கால் உயர்ந்த நிலையில். அவர் எழ முயன்றார். வயிறு விடவில்லை. கைப்பிடியைப் பிடித்தார், வழுக்கியது. கைகால்களை ஆட்டிக்கொண்டு, கண்களைத் திறந்து கூரையைப் பார்த்து, “ஏய்! இங்க வா! ஏய்!” என்று கத்தினார். என்னைக் கூப்பிடவில்லை. என்னை அவர் எப்போதும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஈரக் கையைத் தொட என்னால் முடியவில்லை. மேலாளர் ஓடி வந்து இழுத்துத் தூக்கி உட்கார வைத்து, என் சார்பில் மன்னிப்புக் கேட்டார். மாத முடிவில் நான் அந்த வேலையை விட்டேன். நானாக விடவில்லை என்றாலும் அவர்களே அனுப்பியிருப்பார்கள்.

ஆண்ட்டியை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன், அடுத்த ஆண்டு, தேக்கா சந்தைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில். அவர்தான் என்னை அடையாளம் கண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நழுவத்தான் நினைத்தேன்.

“நல்லா இருக்கியாம்மா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருக்கேன் ஆண்ட்டி. அன்னிக்கி நான்…”

“விடும்மா. நீ வேலைக்கு வந்தவ.”

அது மன்னிப்பா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டாராம். அக்கா வீட்டிலேயே இருக்கிறாராம். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் படுப்பாராம். “யாரும் கூப்பிடறதில்லம்மா” என்றபோது முகம் ஒரு நொடி சின்னப் பெண் முகம்போல ஆனது.

“அங்கிள்?”

“வீட்லதான். கீழ குப்பையோட யாரோ தூக்கிப் போட்ட பழைய மசாஜ் சேர் ஒண்ண ஆள் வெச்சு மேல ஏத்தி வெச்சிருக்காரு. ஓடாது. பூனை மூத்திர நாத்தம். நான் வந்தா உக்கார்றதுக்காம். அதுலயே படுத்துக் கெடக்காரு.”

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நீங்க அங்க போறதில்லதானே ஆண்ட்டி?”

“வாரத்துல ரெண்டு நாள் போவேன். சமைச்சுக் குடுத்துட்டு, வீட்டத் தொடச்சுட்டு வந்துடுவேன். சக்கர இருக்குல்ல அவருக்கு. விட்டுட முடியுமா?”

காலடியில் இருந்த பையை அப்போதுதான் பார்த்தேன். அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடிகளின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து பை நனைந்திருந்தது. குழம்பு வாடை என் தொண்டைவரை வந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

பேருந்து வந்துவிட்டது. ஆண்ட்டி இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பையை எடுக்கக் குனிந்தார். நான் முந்திக்கொண்டு தூக்கினேன். கனமாக இருந்தது. எண்ணெய் என் விரல்களில் ஒட்டியது. பிடித்திருக்கவே கூசியது. அப்படியே தெருவில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். போட்டிருந்தால் மறுபடி வீட்டுக்குப் போய் ஆண்ட்டிதான் நின்று சமைத்திருப்பார். பேருந்துப் படியேறி உள்ளே போய், பையை அவர் காலடியில் வைத்துவிட்டு இறங்கினேன்.